மாடிக்கும் முற்றத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டது. தெருமுனைப் புங்கமரம் தளிர்விட்டு நிற்கிறது, பள்ளி வாசல் வேம்பு பூத்துக் கொட்டுகிறது. தண்டையார்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தில், அரசு நிதி இல்லாமல் சிறிய அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் நடக்கிறது எங்கள் பள்ளி. வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டிய வேலைகள் ஆண்டுதோறும் கையிருப்பை மிஞ்சி நிற்கும். இந்த ஆண்டு எல்லாம் முடிந்தது. யார் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். பழைய கட்டடத்தில் பள்ளி நடத்தும் மற்றவர்களுக்கும் இது உதவும்.

முதல் நன்றி கொத்தனாருக்கு. எங்கள் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்தி வைத்து மூலைவாட்டில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, தட்டோடு பதித்தது. இந்தக் கூரையில் விரிசல் கண்டால் சிமெண்ட்டை அப்பிவிடுவதுதான் ஊரில் நடக்கும் வழக்கம். அது கூரைக்குச் செய்யும் கேடு. சுண்ணாம்புக் காரை வெயிலுக்கும் பனிக்கும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது. இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் விழும். உள்ளே இறங்கிய மழைத்தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் தங்கி, கடைசியில் கட்டையை உளுக்க வைக்கும். கொத்தனார் முழு மாடியிலும் கரண்டிப் பிடியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கணீரென்று ஒலித்ததைத் தாண்டிப் போனார். டொக்கென்று பொள்ளலாக ஒலித்ததில் மட்டும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். குறி போட்ட ஓடுகளை மட்டும் பெயர்த்து, சுண்ணாம்பு, மணல், செங்கல் தூள் மூன்றையும் சம பங்காகக் குழைத்துப் பதித்தார். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டுக் காக்கச் சொன்னார். காவலாளி ஐயா காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துச் சாக்கைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டார். முழு மாடியையும் பெயர்த்துப் போட்டுச் செலவை ஏற்றியிருக்க முடியும். அதைச் செய்யாத அந்த நேர்மைக்கும் சேர்த்தே நன்றி.

அடுத்தது வெள்ளைப் பூச்சு. 1,200 சதுர அடி மாடிக்கு இரண்டு கை அடிக்க 50 கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்பு ஆனது. கொடுத்தவர் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கிலோவுக்கு 5 லிட்டர் கணக்கில் தண்ணீர். டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால்தான் பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமையில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு பெற்றோர்கள் இதைச் செய்தார்கள். இரவு முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த ஒரு கிலோ வஜ்ஜிரப் பசையைச் சேர்த்தார்கள். வஜ்ஜிரம் இல்லாத பூச்சு கையில் மாவாக ஒட்டும், முதல் மழையிலேயே கரைந்து ஓடும். சுவருக்குப் போடும் நீலம் மாடிக்குத் தேவையில்லை, வெயிலைத் திருப்பி அனுப்ப வெறும் வெள்ளைதான் நல்லது.

பூசுவதற்கு முன் பாசியை இரும்புத் தூரிகையால் சுரண்டி, தூசியைக் கழுவி, தளம் ஈரமாக இருக்கும்போதே அடிக்கவேண்டும். நாலு மணிக்கு மேல்தான் தொடங்கினார்கள். உச்சி வெயிலில் அடித்தால் சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுகுவதற்குள் ஈரம் போய்விடும், பிறகு பொடிப்பொடியாக உதிரும். ஒரே கையாகத் தடிமனாக அடித்தாலும் ஏடு ஏடாக உரியும், அதனால் மெல்லியதாக இரண்டு கை. மேல்மாடி வகுப்பில் பிற்பகலில் உட்காரும் பிள்ளைகள் இப்போது வித்தியாசத்தை உணர்கிறார்கள்.

முற்றத்துக்கு நிழல்வலை கட்டிய காசிமேட்டுப் பெற்றோர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! கடையில் வாங்கும் பச்சை வலையை ஓரத்து வளையங்களில் கயிறு கோத்துக் கட்டினால் வடசென்னையில் அது ஒரு கோடைகூடத் தாங்காது. மதியத்தில் கடல்காற்று இறங்கியதும் இழுவை முழுவதும் அந்தச் சில வளையங்களிலேயே விழுந்து, அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும். மீன்வலை பின்னிப் பழகிய கைகள் வேறு விதமாகச் செய்தன. வலையின் நான்கு ஓரத்தையும் இரண்டாக மடித்து, மடிப்புக்குள் விரல் தடிமன் நைலான் கயிற்றை ஓடவிட்டு, வலை ஊசியால் சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சாகக் கட்டிக்கொண்டே போனார்கள். சுவர்க் கொக்கியில் மாட்டியது கயிற்றை மட்டும்தான், வலை எங்கேயும் நேராகக் கொக்கியைத் தொடவில்லை. விறைப்பாக இழுக்காமல் நடுவில் ஒரு முழம் தொய்வும் விட்டார்கள். காற்று ஏறும்போது வலை மேலெழும்பித் தணிகிறது, எந்த முடிச்சும் நோகவில்லை. உப்புக்காற்றில் இரும்புக் கொக்கி சீக்கிரம் துருவேறும் என்பதால் கொக்கிகளுக்கு எவர்சில்வர் வாங்கிக் கொடுத்தவர் எங்கள் பழைய மாணவர் ஒருவர்.

பிளம்பர் தம்பியும் அவருடைய உதவியாளரும் 6,000 லிட்டர் தரைத்தொட்டியைக் கழுவித் தந்தார்கள். மூடியை முதல்நாள் மாலையே திறந்து காற்றாட விட்டார்கள். இறங்கியவர் இடுப்பில் கயிறு, மேலே எப்போதும் இரண்டு பேர். மோட்டார் மெயினை அணைத்து ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். மூடிக்கிடந்த தொட்டியில் தனியாளாக யாரையும் இறக்கவே கூடாது, இதில் சமரசமே வேண்டாம். சோப்பு, ஆசிட் எதுவும் இல்லை, நைலான் தூரிகையும் பிளீச்சிங் பவுடர் கரைசலும்தான். அரைமணி நேரம் ஊறவிட்டு இரண்டு முறை அலசினார்கள். தேய்ந்துபோன மிதவை வால்வையும் மாற்றினார்கள். அதை விட்டிருந்தால் தொட்டி நிறைந்த பிறகும் தண்ணீர் வழிந்து வீணாகும்.

இங்கே போர் தண்ணீர் உப்பு. குடிக்க மெட்ரோ வாட்டர் லாரி தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும் என்பதைச் செய்தே காட்டிக் கற்றுக்கொடுத்தார் பக்கத்துத் தெருவில் வசிக்கும், ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டாமல் ஒரு வாளியில் கரைத்து, கசடு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் ஊற்றவேண்டும். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்குக் குறைந்தது 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கவேண்டும். கடற்கரைக் காற்றில் திறந்த பாக்கெட் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும், சரியான அளவு போட்டும் பலன் இல்லாமல் போவது இதனால்தான். சின்னப் பாக்கெட்டாக வாங்கி இறுக்கமான டப்பாவில் வைக்கிறோம்.

பத்தாம் வகுப்பு மாலை வகுப்புக்கு நோன்புக் கஞ்சி அனுப்பிய பள்ளிவாசல் தெருக்காரர்களுக்கு நன்றி. விளையாட்டு விழாவில் நீர்மோர் கொடுத்த அம்மாக்களுக்கும் நன்றி. 5 லிட்டர் தயிருக்கு 20 லிட்டர் தண்ணீர் சேர்த்து, புளிக்காமல் இருக்கக் கொடுக்கும் நேரத்தில்தான் கரைத்தார்கள். பழைய பாடநூல்களை வகுப்புவாரியாகப் பிரித்து, கிழிந்த அட்டைக்குப் பழுப்புத்தாள் ஒட்டித் தந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, உங்களுக்கும்தான்.

நோட்டுக்கடை அண்ணாச்சிக்குத் தனியாகச் சொல்லவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுக் கூலியை நம்பிய வீடுகளில் வருமானம் நின்றிருக்கும் நேரத்தில்தான் புதுப் பள்ளியாண்டின் செலவும் வந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு நோட்டும் சீருடைத் துணியும் இப்போதே கொடுத்துவிட்டு, பணத்தை ஆடி முடியும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று அவராகவே வந்து சொன்னார். பள்ளிக் கட்டணத்தையும் அந்த வீடுகளுக்கு அதே கணக்கில் தள்ளி வைத்திருக்கிறோம். யாரும் வந்து கேட்கத் தேவையில்லை.

வரவு செலவு விவரம் அலுவலக வாசல் பலகையில் ரசீதுகளோடு ஒட்டியிருக்கிறது. கடனாகக் கொடுத்த ஏணி, டிரம், இரும்புத் தூரிகை எல்லாம் கழுவி, பெயர் எழுதி வராண்டாவில் வைத்திருக்கிறோம். வேலைநாளில் மாலை நாலரை மணிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வலை ஊசிகள் மட்டும் எங்களிடமே இருக்கட்டும், ஏழாம் வகுப்புக்கு முடிச்சுப் போடக் கற்றுத்தர இரண்டு பாட்டிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நன்றியுடன்,
ஆசிரியர்களும் பெற்றோர் குழுவும்
தண்டையார்பேட்டை, சென்னை