‘சொந்தப் பொறுப்பில் இறங்கவும்’ என்ற பலகையில் இன்னும் நாலு வரி எழுதுங்கள்

காட்டுப் பூங்காக்களில் ஏரிக் குளியல் கரைகளைப் பராமரிக்கும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

உங்கள் கரைகளில் அநேகமாக ஒரே மாதிரிப் பலகைதான் இருக்கிறது. ‘லைஃப்கார்டு கிடையாது. சொந்தப் பொறுப்பில் நீரில் இறங்கவும்.’ இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு ஏரிக்கும் காலை முதல் மாலை வரை ஓர் ஆளை நிறுத்த முடியாது. நிறுத்தினால்தான் திறப்போம் என்று விதி போட்டால் பாதிக் கரைகளை மூட வேண்டிவரும். பொறுப்பு என்னுடையது, சரி. ஆனால் அந்தப் பொறுப்பை ஏற்பதற்கு எனக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ, அதில் பெரும்பகுதி உங்களுக்குத்தான் தெரியும். எந்த இடத்தில் தரை சட்டென்று இறங்குகிறது, கடைசியாக நீரைப் பரிசோதித்தது என்றைக்கு, போன கோடையில் எந்த மூலையில் பாசி படர்ந்தது என்பதெல்லாம் உங்கள் ஊழியர்களுக்கு அத்துப்படி. பலகையில் மட்டும் அது வருவதில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆழம் தெரிந்த நீங்கள் அதைச் சொல்லாமல் இருந்தால் எப்படி?

ஏரி பார்க்க அமைதியாக இருப்பதுதான் சிக்கல். கடலில் அலை எழும்புவதைப் பார்த்தே பலர் கரையில் நின்றுவிடுகிறார்கள். நீச்சல் குளத்தில் ஆழம் விளிம்பிலேயே எழுதியிருக்கிறது. ஏரியில் இரண்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்டக் கால்வாசி ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சல் போடுவார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சுக்கே வாய் போதாதபோது கத்துவது எங்கே? பத்தடி தள்ளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பெற்றோருக்குக்கூடத் தெரியாமல் போய்விடும்.

தரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். காட்டு ஏரிகளின் மணற்கரை பல இடங்களில் இயற்கையானதல்ல, லாரியில் கொண்டுவந்து கொட்டியது. கொட்டிய மணல் எதுவரை போகிறதோ அதுவரை முழங்கால் ஆழம், அதற்கு அப்பால் ஏரியின் பழைய அடித்தரை. இரண்டும் சேரும் இடத்தில் ஒரே எட்டில் தலைக்கு மேல் நீர் வந்துவிடலாம். மிதவைக் கயிறு கட்டியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அந்தக் கயிறு எதைக் குறிக்கிறது? சில கரைகளில் மார்பளவு நீர் முடியும் இடத்தைக் குறிக்கிறது. சில கரைகளில் படகுகள் உள்ளே வராமல் தடுக்க மட்டும் கட்டியிருக்கிறார்கள். அதற்கு உட்புறமே ஆள் மூழ்கும் ஆழம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இரண்டும் ஒரே கயிறுதான். ‘கயிற்றுக்குள்தானே விளையாடுகிறான்’ என்று நிம்மதியாக இருப்பவரை அந்தக் கயிறே ஏமாற்றிவிடுகிறது. எனக்கு இதைவிடக் கோபம் வரவைக்கும் விஷயம் வேறில்லை. கயிறே இல்லாமல் இருந்தால்கூட அவர் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்பார்.

அணை கட்டி உருவான ஏரி என்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நீர்மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் ஐந்தடி இருந்த இடம் இந்த மாதம் இரண்டடி. அதே பாறையிலிருந்து அதே போலத் தலைகீழாகக் குதிப்பவர் கழுத்தெலும்பு முறிந்து கை கால் விளங்காமல் போகலாம். பெயின்ட்டில் நிரந்தரமாக எழுதிய ஆழம் இங்கே பொய்யாகிவிடும். நீருக்குள் ஓர் அளவுகோல் நட்டு வைத்தால் போதும், இன்றைய ஆழத்தை வருகிறவரே பார்த்துக்கொள்வார்.

அப்புறம் நீரின் நிறம். காட்டு ஏரி நீர் பல இடங்களில் பால் விடாத தேநீர் போல இருக்கும். உதிர்ந்த இலைகளும் ஈரநிலத்து மண்ணும் மக்கும்போது கரைந்து வரும் பொருட்கள்தான் காரணம், அது அழுக்கல்ல. அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்காகவாவது இதைப் பலகையில் ஒரு வரி எழுதலாம். ஆனால் நிறத்தால் வரும் ஆபத்து வேறு. அந்த நீரில் இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. மூழ்கிக் கிடக்கும் மரம் தெரியாது, தரை இறங்கும் இடம் தெரியாது, ஒரு குழந்தை நீருக்குள் போய்விட்டால் அதுவும் தெரியாது. நீரின் தெளிவை அளக்க விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய விஞ்ஞானி 1865இலேயே வழி காட்டிவிட்டார். ஒரு வட்டைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்க வேண்டும், அது கண்ணுக்கு மறையும் ஆழம்தான் தெளிவின் அளவு. ஏரி ஆய்வாளர்கள் இன்றும் கறுப்பும் வெள்ளையுமான செக்கி வட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்களிடமும் ஒன்று இருக்கக்கூடும். ‘இந்த வாரம் கண்ணுக்குத் தெரியும் ஆழம் இவ்வளவு’ என்று ஒரு வரி இருந்தால், குழந்தையோடு வருகிறவர் எவ்வளவு நெருக்கமாக நிற்க வேண்டும் என்று தானே முடிவு செய்துகொள்வார்.

குளிர்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் ஏரியின் மேல்மட்ட நீர் சூடாகி, லேசாகி, மேலேயே மிதக்கிறது. நீரின் அடர்த்தி அதிகமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில் என்பதால் குளிர்ந்த நீர் கீழேயே தங்கிவிடுகிறது. சில மீட்டர் ஆழம் போனதும் வேறொரு ஏரிக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். காலை நனைத்துப் பார்த்து ‘வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது’ என்று பாறையிலிருந்து குதிப்பவர் அந்தக் குளிர்ந்த அடுக்குக்குள் போய் விழுகிறார். பலமான காற்று ஒரே திசையில் அடித்தால் மேல்நீர் எதிர்க்கரைக்குத் தள்ளப்பட்டு, இந்தக் கரையில் கீழிருந்து குளிர்நீர் ஏறிவரும். நேற்று குளித்த அதே இடம் இன்று வேறு மாதிரி இருக்கும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு நம் பேச்சைக் கேட்காது. முதலில் ஒரு மூச்சைத் தானாக உள்ளே இழுக்கும், அப்போது தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது நீரைத்தான். பிறகு வேகவேகமாக மூச்சு வாங்கும். ஓரிரு நிமிடத்தில் அது தணிந்துவிடும். அதுவரை நீந்தப் போராடாமல் மல்லாந்து மிதக்க வேண்டும் என்பது உயிர் காக்கும் தகவல். அதை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. ‘பட்டாசு வெடிக்கக் கூடாது’ எல்லாப் பலகையிலும் இருக்கிறது.

கடலில் நீந்திப் பழகியவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். உப்பு இல்லாததால் நன்னீர் அவ்வளவாகத் தூக்கிக்கொடுக்காது.

நீரின் தரம் பற்றி நீங்கள் அக்கறை எடுப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். மாதிரி எடுக்கிறீர்கள், ஆய்வகத்துக்கு அனுப்புகிறீர்கள். பொதுவாகத் தேடுவது, நீரில் மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் இ-கோலி பாக்டீரியாவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2012 பரிந்துரைப்படி 100 மில்லி லிட்டர் நீரில் அதன் எண்ணிக்கை, பல மாதிரிகளின் பெருக்கல் சராசரியாக (கூட்டாமல் பெருக்கிக் கணக்கிடும் சராசரி), 126ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு ‘மிகச் சிறப்பு’ என்ற தரத்துக்கு வரம்பு 500. கணக்கிடும் முறை வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு சங்கடம் உண்டு. பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான பரிசோதனைக்கு 18 முதல் 24 மணி நேரம் பிடிக்கிறது. அதாவது எவ்வளவு சீக்கிரம் முடிவு போட்டாலும் அது நேற்றைய நீரைப் பற்றியது. ஐரோப்பிய விதியில் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே ஒரு மாதம் வரைகூட இடைவெளி இருக்கலாம். இடையில் ஒரு பெருமழை பெய்து, காட்டிலும் வாகன நிறுத்தத்திலும் உள்ள அத்தனையையும் ஏரிக்குள் அடித்துக்கொண்டு வந்தால், ‘நீர் நன்று’ என்ற சீட்டுக்கு என்ன மதிப்பு? அதனால் முடிவோடு மாதிரி எடுத்த தேதியையும் போடுங்கள். ‘பலத்த மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இறங்க வேண்டாம்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். இதெல்லாம் நடக்காத காரியம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டுக் குளியல் நீர் உத்தரவு, நீரின் தர வகையைக் கரைக்குப் பக்கத்திலேயே, எளிதில் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. அந்த நீர்நிலையைப் பற்றிய விவரத்தைத் துறைசார் சொற்கள் இல்லாமல் எழுத வேண்டும் என்றும் சொல்கிறது.

நீலப்பச்சைப் பாசி விஷயத்தில் தேதிகூடப் போதாது, மணிக்கணக்கு பார்க்க வேண்டும். பாசி என்று சொன்னாலும் அது பாக்டீரியா இனம். நீரில் பாஸ்பரஸும் வெயிலும் சேர்ந்தால் சில நாட்களில் பெருகி, பச்சை பெயின்ட்டைக் கொட்டியதுபோல் மிதக்கும். காலையில் நடு ஏரியில் இருப்பது மாலைக்குள் காற்றில் ஒதுங்கிக் கரையோரம் திரண்டுவிடும். அந்தக் கரையோரத்தில்தான் குழந்தைகள் உட்கார்ந்து விளையாடுகிறார்கள், நாய்கள் நீர் குடிக்கின்றன. சில வகைகள் கல்லீரலைக் கெடுக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சை உண்டாக்கும். குளியல் நீரில் லிட்டருக்கு 8 மைக்ரோகிராமுக்கு மேல் அது கூடாது என்று அமெரிக்க முகமை 2019இல் பரிந்துரைத்தது. கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது. இதற்கு ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாசி எப்படி இருக்கும் என்று ஒரு நல்ல படத்தைப் பலகையில் ஒட்டி, ‘இப்படித் தெரிந்தால் நீங்களும் இறங்காதீர்கள், நாயையும் விடாதீர்கள்’ என்று எழுதினால் வருகிறவர்களே காவல்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

குளித்தபின் வரும் அரிப்பு சின்ன விஷயம்தான், ஆனால் பயமுறுத்திவிடும். வாத்துகளுக்கும் நத்தைகளுக்கும் இடையே வாழும் ஓர் ஒட்டுண்ணி வழிதவறி மனிதத் தோலுக்குள் நுழைந்து அங்கேயே செத்துப்போகிறது. தடிப்பு பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். வெளியே வந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கரையில் வாத்துகளுக்குத் தீனி போடுவதையும் தடுத்தால் நல்லது.

காட்டுக்கே உரிய ஒரு சங்கடம் செல்பேசிச் சிக்னல். ஒருவர் மூழ்கிவிட்டார், அழைக்க வேண்டும், சிக்னல் இல்லை. கிடைத்தாலும் எந்த வாயில், எந்த வளைவு என்று சொல்லத் தெரியாது; எல்லாப் பக்கமும் மரம்தான். கரைக்கு ஓர் எண் கொடுங்கள், அதைப் பெரிதாக எழுதுங்கள், மீட்புக் குழுவிடமும் அதே எண் இருக்கட்டும். எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போனால் சிக்னல் கிடைக்கும் என்று அம்புக்குறி போடுங்கள். பக்கத்திலேயே கயிறு கட்டிய மிதவை வளையம் ஒன்று தொங்கட்டும். நீந்தத் தெரியாதவர்கூட அதை எறிய முடியும். இல்லாவிட்டால் காப்பாற்றப் பின்னாலேயே குதித்து இரண்டாவது ஆளும் போய்விடுவார். குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட்டுகளை இரவலாகத் தொங்கவிடும் கரைகளும் இருக்கின்றன. சில திருடுபோகும். போனால் போகட்டும்.

இவ்வளவும் கேட்பதால் ஏரியை நீச்சல் குளமாக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். பயந்துபோய் கரைக்குச் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். கோரையையும் நாணலையும் முழுக்க வழித்தெடுத்துவிட்டு ‘சுத்தமான கரை’ என்று படம் போடுவது எனக்குப் பிடிக்காது. மேட்டிலிருந்து வழிந்து வரும் சத்துகளை ஏரிக்குள் போகாமல் ஓரளவு பிடித்துவைப்பவை அவை. அவற்றை எடுத்துவிட்டால் பாசிக்கு நீங்களே தீனி போடுகிறீர்கள். நீரில் விழுந்து கிடக்கும் மரத்தடியில் மீன் குஞ்சுகள் ஒதுங்கும். குளிக்கும் எல்லைக்குள் கிடப்பதை மட்டும் அகற்றினால் போதும். வருடாவருடம் மணல் கொட்டுவதும் அப்படித்தான். கரையோர அடித்தளத்து உயிர்களை அது மூடிவிடுகிறது, மழையில் கரைந்தும் போகிறது.

கரையை மூடிவிடுவது சுலபமான வழி என்று தோன்றலாம். காரணம் சொல்லாமல் மூடிய கரைக்கு வந்தவர்கள் வீடு திரும்புவதில்லை. அடுத்த வளைவுக்குப் போய், கயிறும் பலகையும் இல்லாத பாறையிலிருந்து இறங்குகிறார்கள். பாசி காரணமா, பாக்டீரியா காரணமா, எந்த நாளில் மறுபரிசோதனை என்று எழுதியிருந்தால் பலர் மதிப்பார்கள். மதிக்காதவர்களும் இருப்பார்கள், அது வேறு கதை.

பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் கேட்கவில்லை. ஒரு கரும்பலகை, சாக்கட்டி, தினமும் எப்படியும் குப்பைத் தொட்டியைப் பார்க்க வருகிற ஊழியருக்கு ஐந்து நிமிட வேலை. நீரின் வெப்பம், அளவுகோலில் ஆழம், கடைசி மாதிரியின் தேதியும் முடிவும், பாசி உண்டா இல்லையா என்று நாலு வரி. அதற்குக் கீழே எழுதியவர் பெயர் வேண்டாம், எழுதிய நேரம் போதும். முதலில் கூட்டம் அதிகம் வரும் ஒரு கரையில் இந்தக் கோடைக்கு முன்பே தொடங்கிப் பாருங்கள். பலகை வைத்த பிறகு அங்கே என்ன மாறியது என்று நீங்கள் வெளியிட்டால், மற்றக் கரைகளுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று சேர்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் கரைகளுக்கு வந்துபோகும் ஒருவர்