என்னைப் படிக்க வைத்தவர்களுக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர்கள், உறவினர்கள், வேலைத்தலத் தோழிகள், வகுப்பு நண்பர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சமூக சேவைப் பணியாளருக்கான, கனடாவின் ஒன்ராறியோ மாகாணக் கல்லூரி டிப்ளோமாவை இந்தச் சித்திரையில் நிறைவு செய்துவிட்டேன். நான்கு பருவங்களைக் கொண்ட இந்த இரண்டு ஆண்டுப் படிப்பை, நாற்பது வயதைக் கடந்த பின், பகலில் வகுப்பும் இரவில் முதியோர் இல்ல வேலையுமாக நான் முடிப்பதற்குப் பலர் தோள் கொடுத்தார்கள். பட்டமளிப்பு நாளின் பரபரப்பில் ஒவ்வொருவரிடமும் ஆறுதலாகக் கதைக்க முடியாமற் போனதால், சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் சித்தியின் மகனுக்கு உரியது. எனது உயர்தரப் பரீட்சைச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்து போயிருந்தது. வயது வந்த மாணவியாக விண்ணப்பிப்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு என்றாலும், பழைய பெறுபேறு கையில் இருந்தால் இலகு என்று அனுமதிப் பகுதியில் சொன்னார்கள். தம்பி தன் வேலைக்கு விடுப்பெடுத்துக்கொண்டு, இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், பத்தரமுல்லையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தில் காத்திருந்து அதன் பிரதியைப் பெற்று அனுப்பினார். செலவைக் கேட்டால் இன்றுவரை வாய் திறக்கிறாரில்லை.

வீட்டில் மாமி சமையலறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். வேலைத்தலத்தில் என்னோடு நின்ற அக்காமார், பரீட்சை வாரங்களில் கேட்காமலே என் இரவு வேலையைத் தங்கள் பெயரில் மாற்றி எழுதிவிட்டுப் போனார்கள். ஸ்காபுறோ ஆர்.ரி. என்ற எங்கள் பகுதி நகர ரயில் 2023 ஆடியில் தடம் புரண்டு, பின்னர் திறக்கப்படாமலே போனதால், எங்கள் பக்கத்து மக்களுக்குப் பஸ்ஸே கதி. பனிக்காலத்தில் அந்தப் பஸ்ஸையும் நம்பியிராமல் என்னைத் தன் காரில் ஏற்றிச் சென்ற சோமாலிய வகுப்புத் தோழிக்கும், அவர் எனக்காகப் பொறுத்துக்கொண்ட காலதாமதங்களுக்கும் நன்றி.

மகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நாங்கள் ஊரில் மனனம் செய்து எழுதிச் சித்தியடைந்தவர்கள். இங்கே, பிறருடைய கருத்தை எங்கிருந்து எடுத்தோம் என்பதை ஏ.பி.ஏ. என்ற மேற்கோள் முறைப்படி வரிக்கு வரி காட்ட வேண்டும். அதைவிடக் கடினமாக, ‘நான் என்ன உணர்ந்தேன், ஏன் அப்படி நடந்துகொண்டேன்’ என்று தன்னையே ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும். பதினோராம் வகுப்பில் படிக்கும் பிள்ளை என் கட்டுரைகளைத் தானே திருத்தி எழுதித் தந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்திருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. பிழையான இடங்களில் பென்சிலால் மெல்லிய கோடு மட்டும் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்து தன் கணக்கைச் செய்வாள். ஒருவருக்கு உதவும்போது அவருடைய வேலையைப் பறித்துக்கொள்ளக் கூடாது என்று எங்கள் விரிவுரையாளர்கள் முதற் பருவம் முழுவதும் படிப்பித்ததை, வீட்டில் அவள் செய்துகொண்டிருந்தாள்.

அந்த விரிவுரையாளர்களில் ஒருவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். நல்லது செய்யும் ஆவலோடு மட்டும் வகுப்புக்கு வந்திருந்த எங்களுக்கு, இந்தத் தொழில் செய்த தீங்கையும் அவர் மறைக்காமல் கற்பித்தார். 1960களிலும் அதன் பின்னரும் கனடாவில் பூர்வீகக் குடிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பிற சமூகக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளை வீட்டு வாசலில் இருந்து கூட்டிச் சென்றவர்கள், தாங்கள் உதவி செய்வதாக நம்பிய சிறுவர் நலப் பணியாளர்கள். பூர்வீகக் குடிப் பிள்ளைகளுக்கு வதிவிடப் பாடசாலைகளில் நடந்ததை விசாரித்த, கனடாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் விடுத்த 94 அறைகூவல்களில் முதற்பகுதி சிறுவர் நலத்தைப் பற்றியதாக இருப்பதன் காரணம் அந்த வகுப்பில்தான் எனக்கு விளங்கியது. போரினால் குடும்பங்கள் சிதறியதைக் கண்ட எனக்கு, அது வெறும் பாடமாக இருக்கவில்லை.

களப்பயிற்சிக்கு முன்னர் பொலிஸ் சரிபார்ப்பு, தடுப்பூசிப் பதிவு, முதலுதவிச் சான்றிதழ் என்று ஓடித் திரிந்ததையும், நான் அணுகிய சில இடங்கள் பதிலே எழுதாததையும் விட்டுவிடுகிறேன். இறுதியில் என்னை ஏற்றுக்கொண்ட சமூக நிலையத்தின் மேற்பார்வையாளர் அம்மையாருக்கு எழுதுவதற்கு நிறைய இருக்கிறது.

அந்த நிலையத்தில் படிவம் நிரப்ப வருபவர்களுக்கு உதவுவதும் என் பயிற்சியில் இருந்தது. எல்லோரும் ஓ.டி.எஸ்.பி. என்று சொல்லும், ஒன்ராறியோ அரசின் மாற்றுத்திறனாளர் ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களிடம் ஒரு படிவக் கட்டு கொடுப்பார்கள். அதை 90 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். உடல்நிலை பற்றியும் அன்றாடச் செயற்பாடுகள் பற்றியும் மருத்துவத் துறையினர் நிரப்பும் பகுதிகளோடு, விண்ணப்பிப்பவர் தன் நிலையைத் தன் சொல்லிலேயே எழுதும் பகுதியும் அதில் உண்டு. எங்கள் ஆட்கள் அந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். ‘என்ன கஷ்டம்?’ என்று கேட்டால், ‘பரவாயில்லை, சமாளிக்கிறன்’ என்பதே பதிலாக வரும். கஷ்டத்தைச் சொல்வது கௌரவக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மேற்பார்வையாளர் என்னை அழைத்து, கஷ்டத்தைப் பற்றிக் கேட்காமல், நேற்றுக் காலை எழும்பியதிலிருந்து என்ன நடந்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கட்டிலில் இருந்து எழும்பக் கதிரையைப் பிடிக்க வேண்டியிருந்தது, சட்டையின் பொத்தானைப் பேரப்பிள்ளை போட்டுவிட வேண்டியிருந்தது, கேத்தலைத் தூக்க முடியாமல் தேநீர் குடிக்காமலே இருந்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. அவற்றை நான் அழகான ஆங்கிலமாக மாற்ற முற்பட்டபோது அம்மையார் தடுத்தார். விண்ணப்பிப்பவர் சொன்னதை, சொன்ன ஒழுங்கிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகே கையொப்பம் வாங்க வேண்டும் என்றார். அம்மையார் என் குறிப்புகளைப் படித்துவிட்டு ஓரத்தில் எழுதிய கேள்விகள் சில வேளைகளில் என் குறிப்பைவிட நீளமாக இருக்கும். அத்தனை தாள்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பெயர் சொல்ல முடியாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சி மாணவி ஒருத்தி தங்கள் எதிரில் இருந்து, நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பதற்குச் சம்மதித்தவர்கள் அவர்கள். ‘மாணவி வேண்டாம், அனுபவமுள்ளவரை அனுப்புங்கள்’ என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமையும் இருந்தது. இரகசியம் காக்கும் கடமை எனக்கு இருப்பதால், மேலே எழுதியதிலும் ஒருவருடைய கதையை அப்படியே எழுதவில்லை. பலரிடம் கேட்டவற்றைக் கலந்தே எழுதியிருக்கிறேன். இதை வாசிக்க நேர்ந்தால், தங்களைத்தான் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

இப்போதே என்னைச் சமூக சேவைப் பணியாளர் என்று அறிமுகப்படுத்தும் உறவினர்களுக்கு அன்பான ஒரு வேண்டுகோள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒன்ராறியோவில் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். என் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை, கல்யாண வீடுகளில் என்னைப் பழையபடி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள் என்றே சொல்லுங்கள். அதுவும் எனக்குப் பெருமையான வேலைதான்.

பாடநூல்கள் எல்லாம் என் கைக்குறிப்புகளோடு வீட்டில் இருக்கின்றன. செப்டெம்பரில் இதே கற்கைநெறியில் சேர இருப்பவர்கள் கேட்டால் இலவசமாகத் தருவேன். சில விரிவுரையாளர்கள் புதிய பதிப்பையே கேட்பார்கள் என்பதால், முதல் வகுப்பில் விசாரித்துவிட்டு வாருங்கள்.

மிக்க நன்றியுடன்,
ஸ்காபுறோவிலிருந்து உங்கள் அக்கா