புல்மேடும் வண்ண வளையமும்

கோத்தகிரி,
ஆவணி 3

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இங்கே மழை விட்டபாடில்லை, கரண்டும் வருவதும் போவதுமாக இருந்தது. இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற விடாதே, கேட்கமாட்டார்கள் என்று தெரியும்.

பதவி உயர்வுப் படிவத்தில் 'இணையத்தில் கட்டுரைக்குக் கிடைத்த கவனம்' என்று புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது, தவளைக் கட்டுரைக்கு நேராக 3 என்று எழுதக் கை கூசியது என்றாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான்கு மழைக்காலம் ராத்திரி ராத்திரியாக ஓடையில் நின்று செய்த வேலை அது. நீ எதற்குக் கூச வேண்டும்?

அந்த எண் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஆல்ட்மெட்ரிக் என்ற நிறுவனம் 2011இல் தொடங்கியது. பத்திரிகைச் செய்தி, வலைப்பூ, ட்விட்டர் (இப்போது எக்ஸ்), விக்கிப்பீடியா, அரசுக் கொள்கை ஆவணம் என்று ஒரு கட்டுரை எங்கெல்லாம் பேசப்படுகிறது என்று தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை போட்டுக் கூட்டுகிறார்கள். செய்தித் தளத்துக்கு அடிப்படை எடை 8, வலைப்பூவுக்கு 5. ட்வீட்டுக்கு அதைவிட மிகக் குறைவு. நடுவில் எண்ணைப் போட்டுச் சுற்றிலும் வண்ண வளையம் வரைந்து தருகிறார்கள்: செய்திக்குச் சிவப்பு, வலைப்பூவுக்கு மஞ்சள். பாராட்டினாலும் ஏறும், கிழித்துத் தொங்கவிட்டாலும் ஏறும். இது தரத்துக்கான அளவு இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். படிவம் தயாரித்தவர் அதைப் படித்திருக்கமாட்டார்.

ட்விட்டரில் போட்டிருந்தால், மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் நம் கட்டுரையைக் குறிப்பிடும் மேற்கோள்களாவது கூடியிருக்குமோ என்றும் கேட்டிருந்தாய். 2016இல் சூழலியல் இதழ்கள் 20இலிருந்து 1,599 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். ட்வீட் அதிகம் கண்ட கட்டுரை மேற்கோளும் அதிகம் பெற்றிருந்தது. எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், நானும்தான். ஆனால் நல்ல கட்டுரை என்பதாலேயே இரண்டும் சேர்ந்து கூடியிருக்கலாமே? அதைப் பிரித்துப் பார்க்க ட்விட்டரில் பெரிய கூட்டம் வைத்திருந்த விஞ்ஞானிகள் சிலர் ஒரு சோதனை செய்து 2024இல் வெளியிட்டார்கள். ஒரே இதழில் ஒரே மாதம் வந்த ஐந்து கட்டுரைகளைக் குலுக்கிப்போட்டு எடுத்து, அதில் ஒன்றை மட்டும் ட்வீட் செய்வது. 11 இதழ்கள், ஒவ்வொன்றிலும் பத்து முறை, மொத்தம் 550 கட்டுரைகள். ட்வீட் செய்தவுடன் பதிவிறக்கம் இரண்டரை மடங்குக்கு மேல் எகிறியது. ஆல்ட்மெட்ரிக் எண் மூன்று ஆண்டு கழித்தும் 81 சதவீதம் கூடுதலாக இருந்தது. மேற்கோளில் மட்டும் நம்பிச் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. தங்களுக்கே சாதகமாக வந்திருக்க வேண்டிய முடிவை அவர்களே சோதித்து, இல்லை என்று எழுதினார்கள் பார்!

என் கவலை வேறு. 2019 ஜூலையில் சயன்ஸ் இதழில் வந்த மரக் கட்டுரை நினைவிருக்கிறதா? உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேருக்கு மரப்போர்வை கொண்டுவரலாம், அதில் 205 ஜிகா டன் (20,500 கோடி டன்) கார்பன் சேரும் என்று கணக்குப் போட்ட கட்டுரை. உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் தலைப்பில் போட்டன. அக்டோபரில் அதே இதழில் மறுப்புகள் வந்தன. கணக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம், சவானாவையும் புல்வெளியையும் மரம் நடவேண்டிய இடமாக எண்ணிவிட்டீர்கள் என்றது ஒன்று. அடுத்த ஆண்டு ஆசிரியர்களே திருத்தமும் வெளியிட்டார்கள். என் ஊரில் மரம் நட வருகிறவர்கள் எல்லோருக்கும் முதல் கட்டுரை தெரிந்திருக்கிறது. மறுப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒருவரை இதுவரை பார்க்கவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீலகிரியில் நாம் ஒருமுறை பட்டாயிற்று. சோலைக் காட்டுக்கு வெளியே கிடந்த புல்மேட்டை வெறும் தரிசு என்று எண்ணித்தான் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) பைனும் நட்டார்கள். வரையாடு மேய்வது அந்தப் புல்லில். நெட்டைக்காலிக் குருவி கூடு கட்டுவதும் அந்தப் புல்லில்தான். சீகை ஒருமுறை காலூன்றிவிட்டால் வெட்ட வெட்ட முளைக்கிறது. அதனால்தான் அந்தத் தலைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிறுபத்திரிகையில் புல்மேடு பற்றித் தமிழில் நாலு பக்கம் எழுதினேனே, அதை யாரோ ஜெராக்ஸ் எடுத்து வனத்துறை வாட்சர்கள் தங்கும் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு வாட்சர் வழியில் நிறுத்தி, "மேடம், நீங்க எழுதின அந்த மேட்டுல சீகையே இல்லைன்னு போட்டிருக்கீங்க. மேக்கால சரிவுல இப்ப முட்டி உயரத்துக்கு வந்துருச்சு, வந்து பாருங்க" என்றார். என் ஆங்கிலக் கட்டுரைக்கு ஆல்ட்மெட்ரிக்கில் 14 என்று எண் வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஒருவர்கூட இப்படி என்னிடம் வந்து பேசியதில்லை. ஜெராக்ஸுக்கு எந்த வளையத்திலும் நிறம் கிடையாது.

உன் படிவத்தில் 3 என்றே எழுது. கீழே இடமிருந்தால், உன் கட்டுரையைப் பார்த்துவிட்டு ஓடைக்கரையில் மருந்தடிப்பதை நிறுத்திய அந்தத் தோட்டக்காரரைப் பற்றி இரண்டு வரி சேர்த்துவிடு. அதைப் படிப்பார்களா தெரியாது, எழுதிவை.

மழை ஓய்ந்ததும் அந்த மேற்குச் சரிவுக்குப் போகிறேன். கன்றுகளை வேரோடு பிடுங்க இப்போது முடியும், அடுத்த வருஷம் ரம்பம் வேண்டியிருக்கும். புரட்டாசி லீவில் நீயும் வா. அட்டை கடிக்கும், நீள சாக்ஸ் கொண்டுவா.

அன்புடன்,
தேன்மொழி