பிரிட்டனில் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

லண்டனில் 31 வருடங்கள் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கச் சிரமமாக இருக்கும். பரவாயில்லை, அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்களும் கேட்க வேண்டிய விஷயம்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கவே எழுதுகிறேன். நீங்கள் மருத்துவக் கல்லூரியில் கழிக்கிற இந்த ஐந்தாறு வருடங்களை வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதுங்கள்.

போன குளிர்காலத்தில் ‘டாக்டர் இன் த ஹவுஸ்’ தொடரை முதலிலிருந்து மறுபடியும் பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது. லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் தயாரித்து, 1969 ஜூலையில் ஐடிவியில் தொடங்கியது. செயின்ட் ஸ்விதின்ஸ் என்ற கற்பனை வைத்தியசாலைக்கு மருத்துவம் படிக்க வரும் மைக்கேல் அப்டனும் அவனுடைய கூட்டாளிகளும்தான் கதை. அப்டனாக நடித்தவர் பாரி எவன்ஸ். பின்னாளில் ‘மைண்ட் யுவர் லாங்வேஜ்’ தொடரில் ஆங்கில ஆசிரியராக வந்தாரே, அவரேதான். உங்கள் அப்பாமாருக்கு அவர் முகத்தைக் காட்டினால் உடனே சிரிப்பார்கள்.

அந்தத் தொடரின் முதல் பகுதிக்கு என்ன தலைப்பு தெரியுமா? ‘நீ ஏன் டாக்டராக விரும்புகிறாய்?’ நீங்கள் எல்லோரும் நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்வி. அதற்கு விடை பாடமாக்க எத்தனை இரவு கண்ணாடி முன் நின்றிருப்பீர்கள்! அந்தப் பகுதியை எழுதியவர்கள் ஜான் கிளீஸும் கிரஹாம் சாப்மனும். அதே வருடம் ஒக்டோபரில் ‘மான்டி பைதான்’ என்ற புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரைத் தொடங்கிய குழுவில் இருந்தவர்கள். சாப்மன் செயின்ட் பார்தோலோமியூஸ் வைத்தியசாலையில் படித்து டாக்டரானவர். தொடருக்குப் பல பகுதிகள் எழுதிய வேறு இருவரில் ஒருவரான கிரேம் கார்டனும் மருத்துவப் பட்டம் பெற்றவர்தான். இதற்கெல்லாம் மூலம் ரிச்சர்ட் கோர்டன் என்ற புனைபெயரில் 1952இல் வந்த நாவல். அதை எழுதியவர் மயக்கமருந்து கொடுக்கும் டாக்டர்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பிணவறையின் வாடையும், வார்ட் ரவுண்டில் வாய் உலர்ந்து நிற்பதும் என்னவென்று அறிந்தவர்களின் கை அந்தத் தொடரில் இருந்தது. பேராசிரியர் லொஃப்டஸ் திரும்பிப் பார்த்தாலே மாணவர்கள் நடுங்குவார்கள். எர்னஸ்ட் கிளார்க் என்ன அருமையாக நடித்திருக்கிறார்! அப்படி ஒரு சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கீழ் நானும் வேலை செய்திருக்கிறேன். அவர் வரும் சத்தம் கேட்டதும் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்த மாணவனை நான் காட்டிக் கொடுக்கவில்லை. இன்று அவன் இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நல்ல டாக்டர்.

ஆனால் தொடரைப் பார்க்கும்போது கோபமும் வந்தது. அதை மறைக்க மாட்டேன். தாதியர்கள் அதில் எதற்கு வருகிறார்கள்? பெரும்பாலும் மாணவர்கள் துரத்துவதற்கு. இரவு மூன்று மணிக்கு, ‘இந்த மருந்தின் அளவு சரியா, இன்னொருமுறை பாருங்கள்’ என்று இளம் டாக்டரிடம் மெதுவாகச் சொல்லி ஓர் உயிரைக் காப்பாற்றுகிற தாதியை அங்கே தேடித் தேடிப் பார்த்தேன். அப்புறம், முக்கிய மாணவர்கள் எல்லோருமே வெள்ளைக்கார ஆண்பிள்ளைகள். அதே அறுபதுகளில் இந்த நாட்டின் வைத்தியசாலைகளை இரவும் பகலும் ஓட்டியவர்களில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து வந்த இளம் டாக்டர்கள் எத்தனையோ பேர். உள்ளூர்க்காரர் போக விரும்பாத முதியோர் பிரிவும் மனநலப் பிரிவும் சுரங்கத் தொழிலாளர் ஊர்களும்தான் அவர்களுக்குக் கிடைத்தன. அவர்களும் களைத்தார்கள், காதலித்தார்கள், பகிடி விட்டார்கள். செயின்ட் ஸ்விதின்ஸில் அவர்களுக்கு இடம் இல்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

இன்று மருத்துவ மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். எந்த விரிவுரை மண்டபத்துக்குள் போனாலும் எங்கள் பிள்ளைகளின் முகம் தெரிகிறது. அண்மையில் பிபிசியில், முன்பு டாக்டராக இருந்த ஒருவரின் நாட்குறிப்பைத் தழுவி ஒரு தொடர் வந்தது; நன்றாகவே இருந்தது. ஆனால் அது படித்து முடித்து வேலையில் நசுங்குகிறவர்களின் கதை. மாணவப் பருவத்தின் அசட்டுத் துணிச்சலும் பயமும் உங்களிடம்தான் இருக்கின்றன.

எதை எழுதுவது என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்து அம்மா கொடுத்துவிடும் இடியப்பப் பெட்டிக்காக விடுதியில் வரிசையில் நிற்கும் கூட்டாளிகளை எழுதுங்கள். உங்கள் முழுப் பெயரைச் சொல்ல முயன்று பாதியில் நின்றுவிடும் கன்சல்டன்டை எழுதுங்கள். வார்டில் ஒரு தமிழ்ப் பாட்டிக்கு மொழிபெயர்க்க உங்களைக் கூப்பிட, பாட்டி நோயைச் சொல்லாமல் ‘எந்த ஊர் பிள்ளை, ஆற்றை மகள்?’ என்று விசாரிக்கத் தொடங்கியதை எழுதுங்கள். நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கடைசியில் அந்த விசாரணைக்குள்ளேதான் நெஞ்சுவலி எப்போது தொடங்கியது என்ற தகவலும் வந்தது.

எந்தச் சின்ன அனுபவத்தையும் கழித்துவிடாதீர்கள். பைதான் குழு டோர்க்கி நகரில் தங்கிய ஹோட்டலின் முதலாளி விருந்தினரிடம் அவ்வளவு முரடாக நடந்தார். அதை மனதில் வைத்து கிளீஸ் 1971இல் ‘டாக்டர் அட் லார்ஜ்’ என்ற அடுத்த தொடரில் ஒரு பகுதி எழுதினார். இதிலே தனித் தொடரே இருக்கிறது என்று தயாரிப்பாளர் ஹம்ஃப்ரி பார்க்ளே சொன்னார். அதிலிருந்துதான் பின்னால் ‘ஃபால்டி டவர்ஸ்’ என்ற ஹோட்டல் நகைச்சுவைத் தொடர் வந்தது.

ஒரு நிபந்தனை மட்டும் வைக்கிறேன். நோயாளியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். யாரும் அடையாளம் காணும்படி ஒரு வரிகூட எழுதாதீர்கள். உங்கள் தடுமாற்றத்தையும் பெரியவர்களின் கர்வத்தையும் வைத்துச் சிரிக்க வையுங்கள். அந்தப் பழைய தொடரில் இன்றும் வாடாமல் இருப்பது அந்தச் சிரிப்புத்தான்.

படிப்புக் கெட்டுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். பெற்றோரே, உங்களுக்கும் சொல்கிறேன்: நத்தார் காலத்தில் மாணவர்கள் வார்ட் வார்டாகப் போய் நாடகம் போடும் வழக்கம் லண்டன் வைத்தியசாலைகளில் நெடுநாள் இருந்தது. கட்டிலில் கிடந்தவர்கள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். தடுக்காதீர்கள்.

பிள்ளைகளே, முதலில் ஒரு காட்சி எழுதுங்கள், போதும். முதல் நாள், முதல் வார்ட், கழுத்தில் புது ஸ்டெதஸ்கோப். அதில் ஒரு தாதியும் நிற்கட்டும். அவளுக்கும் நல்ல வசனமாக நாலு எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தாதி ஒருத்தி,
லண்டன்