அப்பாவின் குரல்

திருகோணமலை
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

உன் அப்பாவின் அந்தியேட்டிச் சடங்குக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. பிழை என்னுடையதுதான். இங்கே எல்லோரும் சுகம். கட்டையன் மறுபடியும் மோட்டார் சைக்கிளை மாற்றிவிட்டான். நீ தர வேண்டிய 500 ரூபாயை மட்டும் அவன் இன்னும் மறக்கவில்லை.

பாலம் வருமுன் கிண்ணியாவில் ஆட்களை அக்கரை சேர்த்த பாதைப் படகு பற்றிய நம் படம் முடிந்துவிட்டது, 18 நிமிடம். இப்போது அதற்கு ட்ரெய்லர் வெட்டப் பழகுகிறேன். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மடிக்கணினி விற்றவர் வீடியோ வேலைக்கு இது தாராளம் என்றார். 8 ஜிபி ராமில் 4கே காட்சிகள் திக்கித் திக்கி ஓடின, ஒரு வாரம் வீண். பிறகுதான் புரொக்சி பற்றித் தெரிந்தது. காட்சிகளுக்குச் சின்னப் பிரதிகள் எடுத்து, அவற்றை வைத்து வெட்டிவிட்டு, கடைசியில் மூலக் காட்சிகளிலிருந்தே முடிந்த வீடியோவை ரெண்டர் செய்யலாம்.

ட்ரெய்லர் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? தொடக்க காலத்தில் படம் முடிந்த பிறகு, வால் போல அதை ஓட்டினார்கள். நீ அந்தக் காலத்தில் இருந்திருந்தால் ஒன்றையும் தவறவிட்டிருக்க மாட்டாய். என்றைக்காவது படம் தொடங்குமுன் தியேட்டருக்குள் வந்திருக்கிறாயா?

முதலில் வெட்டியது மூன்று நிமிடம். கதையை அதே வரிசையில் சுருக்கிவிட்டேன். தங்கச்சி பார்த்துவிட்டு, "எல்லாம் விளங்கிட்டு, இனிப் படம் எதுக்கு?" என்றாள். சரியான கேள்வி. 2009இல் திறந்த பாலத்தை முழுதாகக் காட்டும் காட்சிகளைத் தூக்கினேன். தண்ணீர், கயிறு, பாதைக்காகக் காத்திருந்த முகங்கள், இவை போதும். இசையின் ஒவ்வொரு தட்டுக்கும் 'M' விசையை அழுத்தி மார்க்கர் என்ற அடையாளம் வைத்து, அந்த இடங்களிலெல்லாம் வெட்டினேன். பார்க்கவே களைத்துவிட்டது. பாதி வெட்டுகளை எடுத்துவிட்டு, நடுவில் ஆறு செக்கன் இசையே இல்லாமல் வெறும் தண்ணீரை விட்டதும்தான் மூச்சு வந்தது.

இனி, உன்னிடம் கேட்க வேண்டியது. அடுத்த காட்சியின் சத்தத்தை முதலில் விட்டு, படத்தைப் பிறகு கொண்டுவருவதை ஜே கட் என்கிறார்கள். தண்ணீருக்குப் பிறகு திரை இருட்டாகிறது. அந்த இருட்டில் உன் அப்பாவின் குரல்: "அப்ப அக்கரை கண்ணுக்குத் தெரியும் தம்பி, போகத்தான் ஏலாது." அதற்குப் பிறகுதான் அவர் முகம் வருகிறது. பாலத்துக் காற்றில் சால்வையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த வசனம் முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமிச் சிரிப்பாரே, அந்த இரண்டு செக்கனை முதலில் வெட்டிவிட்டேன். செக்கனுக்கு 24 பிரேம் கணக்கில் 48 பிரேம். வெட்டிய பிறகு அது யாரோ ஒரு முதியவர் பேசுவது போல இருந்தது. இரவு ஒரு மணிக்கு எழும்பித் திருப்பி ஒட்டினேன். அந்தச் செருமலில்தான் அவர் இருக்கிறார், மச்சான்.

இணையத்தில் ஏற்றிவிட்டால் ஊரெல்லாம் பகிர்வார்கள். உன் அம்மா கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் யாருடைய போனிலோ திடீரென்று அந்தக் குரல் கேட்டால்? அதை நினைத்தால் கை ஓடவில்லை. வீடியோ கோப்பை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன். ஹெட்போன் போட்டு, தனியாக இருக்கும்போது கேள். அம்மாவுக்கு எப்போது, எப்படிக் காட்டலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவேன், வருத்தம் இல்லை. உன் பதில் வரும்வரை எங்கும் ஏற்றமாட்டேன்.

கேட்டுவிட்டுப் போன் எடு. எத்தனை மணியென்றாலும் விழித்திருப்பேன்.

உன் கூட்டாளி