உப்புவெளியிலிருந்து அம்மா

அன்பு மகள்,

நாலு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்று நேற்று சொன்னாய். ஸ்கேனில் கருப்பையும் சூலகமும் நன்றாக இருக்கின்றனவாம், மூளையிலிருந்து வரவேண்டியதுதான் குறைந்திருக்கிறதாம். "அப்ப மூளையிலயா அம்மா பிழை?" என்று கேட்டு நீ அழுதபோது போனில் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இத்தனை வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துவிட்டு, சொந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? அதுதான் எழுதுகிறேன்.

பிழை இல்லை, மகள். மூளையின் அடிப்பக்கத்தில் பரிவகக்கீழ் என்ற பகுதியில் உள்ள கொஞ்ச நரம்புக்கலங்கள் 10 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட ஓர் ஓமோனை விடுகின்றன. ஜிஎன்ஆர்எச் என்று படித்திருப்பாய். அது குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடக்கூடாது. ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் விட்டுவிட்டு வரவேண்டும். 1978இல் ஏர்னஸ்ட் க்னோபில் என்ற விஞ்ஞானியின் குழு, அந்த ஓமோன் சுரக்காத குரங்குகளுக்கு மணிக்கு ஒருக்கால் அதைக் கொடுத்தது. அந்த ஓமோனைக் கேட்டுச் சூலகத்துக்குக் கட்டளை அனுப்பும் கபச்சுரப்பி வேலை செய்தது. இடைவிடாமல் கொடுத்தபோது அடங்கிவிட்டது. திரும்ப விட்டுவிட்டுக் கொடுக்க மறுபடி எழும்பியது. இதைப் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சின்னதில் அப்பாவோடு கரைவலை இழுப்பதைப் பார்க்க ஓடுவாயே, ஞாபகமா? ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள், பிறகு கொஞ்சம் மூச்சு விடுவார்கள். ஆளுக்கொரு நேரம் இழுத்தால் வலை அசையாது. மூளையிலும் ஒரு நரம்புக்கலக் கூட்டம் நியூரோகைனின் பி என்ற இரசாயனத்தால் ஒன்றையொன்று உசுப்பும். கலத்துக்குள் கல்சியம் ஏறும். உடனே அவை விடும் கிஸ்பெப்டின் போய் ஜிஎன்ஆர்எச் விடும் கலங்களைத் தட்டும். அதே கூட்டம் விடுகிற டைனோர்பின்தான் "காணும், நிறுத்து" என்பது. கிஸ்பெப்டினைப் பிடித்துக்கொள்ளும் வாங்கி பழுதானால் பிள்ளைகள் பருவமடைவதே இல்லை என்று 2003இல்தான் தெரியவந்தது. நான் படித்த காலத்தில் இந்தப் பெயரே இல்லை.

சரி, உன் விஷயம். விடியவெள்ளென ஓட்டம், மத்தியானம் கோப்பி, இரவில் ஒரு துண்டுப் பாண். உடம்பில் கொழுப்பு குறைய, கொழுப்புக் கலங்கள் விடும் லெப்டின் என்ற ஓமோனும் குறையும். அந்தக் கூட்டத்துக்கு அது எட்டும், குரல் கொடுக்கும் இடைவெளியும் நீண்டுபோகும். சாப்பாடு இல்லாத காலத்தில் கரு தங்க வேண்டாம் என்று உன் உடம்பு உன்னைக் காக்கிறது. ஆனால் இப்படியே விட்டால் ஈஸ்ட்ரஜன் குறைந்து எலும்பு தேயும். கருத்தடை மாத்திரை போட்டால் இரத்தம் போகும். அதை வைத்து ஜிஎன்ஆர்எச்சின் துடிப்பு திரும்பிவிட்டது என்று நினைத்துவிடாதே. டொக்டரிடம் இதைக் கட்டாயம் கேள்.

ஓட்டத்தைப் பாதியாகக் குறை. சிவப்பரிசி மாவும் நீத்துப்பெட்டியும் சூடைக் கருவாடும் பொதி கட்டி வைத்திருக்கிறேன், திங்கள் அனுப்புவார் அப்பா. இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எத்தனை மணி என்று பார்க்காமல் எடு.

அம்மா