உணரிகள் வீட்டுக்கு வருமுன்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நடுக்குவாதத்தால் (பார்கின்சன் நோய்) பாதிக்கப்பட்ட 74 வயதுத் தந்தையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகள் நான். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் நோயாளியின் வாசலுக்கே கொண்டுவந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் நோயாளியின் நடமாட்டத்தையும் உடல்நிலையையும் கவனிக்கும் உணரிகளையும் (சென்சார் கருவிகள்) அத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்பதற்கும், அவை எங்களைப் போன்றோரின் வீடுகளில் எந்தெந்த இடத்தில் தவறுகின்றன என்று சொல்வதற்குமே இம்மடலை எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் அப்பாவை அழைத்துச் செல்கிறோம். நடுக்குவாதத்துக்கான லெவோடோபா மாத்திரை நன்றாக வேலை செய்யும் முற்பகலில்தான் எங்கள் முறை வரும் என்பதால், அவர் எழுந்து நடந்து, மருத்துவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வருவார். விடியற்காலையில் கட்டிலில் புரண்டு படுக்கவும் முடியாமல் கிடப்பதை அந்த ஐந்து நிமிடத்தில் மருத்துவர் எப்படிப் பார்க்க முடியும்? நான் வாயால் சொன்னேன். சொன்னது மருந்துச் சீட்டில் ஏறவில்லை. பிறகு, இயன்முறை மருத்துவர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு இரவல் தந்த தீப்பெட்டி அளவுக் கருவியை அப்பாவின் இடுப்பில் கட்டினோம். அதற்குள் இருக்கும் முடுக்கமானி மூன்று திசைகளிலும் உடல் அசையும் வேகமாற்றத்தையும், சுழற்சிமானி உடல் திரும்புவதையும் இடைவிடாமல் பதிந்துகொள்கின்றன. அப்பா தினமும் விடியற்காலை நாலரை மணியிலிருந்து ஏழு மணிவரை ஏறத்தாழ அசையாமல் இருப்பதும், பிற்பகல் மூன்று மணியளவில் நடை மறுபடி தடுமாறுவதும் வரைபடமாக வந்தபோது, மருத்துவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு மாத்திரை நேரங்களை மாற்றி எழுதினார். நான் ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அந்த ஒரு தாள் சொல்லிவிட்டது. இந்தத் தாள் ஒவ்வொரு நடுக்குவாத நோயாளிக்கும், பக்கவாதத்திலிருந்து மீள்பவருக்கும், இடுப்பெலும்பு முறிந்து வீடு திரும்பிய மூத்தவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள்.

ஆனால், கடையில் கிடைக்கும் கருவிகளை அப்படியே வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாது. நாங்கள் முன்னதாக விலை கொடுத்து வாங்கிய கைக்கடிகாரம், அப்பா நடைச்சட்டத்தை (வாக்கர்) பிடித்துக்கொண்டு கூடத்தை நான்கு முறை சுற்றி வந்த நாளில், அவர் எழுந்திருக்கவே இல்லை என்பதுபோல் கணக்குக் காட்டியது. கை வீசி நடந்தால்தான் மணிக்கட்டில் கட்டிய கருவிக்கு எடுத்துவைக்கும் அடி தெரியும். சட்டத்தைப் பிடித்த கை எப்படி வீசும்? அதே கடிகாரம் அவர் பூசைக்காகத் தரையில் தொப்பென்று உட்கார்ந்ததை விழுந்துவிட்டதாக எண்ணி அலறியது; குளியலறைச் சுவரில் சாய்ந்து மெல்ல வழுக்கி உட்கார்ந்துவிட்ட இரவில், பெரிய அதிர்வு இல்லாததால், வாய் திறக்கவில்லை. காலணிக்குள் வைக்கும் உணரிகளும் உண்டு என்கிறார்கள். வீட்டுக்குள் செருப்புப் போடாத எங்களுக்கு அவற்றால் என்ன பயன்? பாயில் படுப்பவர்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள், உயரமான நிலைப்படியைத் தாண்டிக் கொல்லைக்குப் போகிறவர்கள் ஆகியோரிடம் சோதித்துப் பார்த்த பிறகே எந்தக் கருவியையும் கொள்முதல் செய்ய வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருத்த தோலுடையவர்களிடம் ஆக்சிஜன் அளவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு எச்சரித்தது. கொரோனாக் காலத்தில் அந்த எண்ணை நம்பியே வீட்டில் இருந்த நமக்கு இது சிறிய செய்தி அன்று.

இதைவிட முக்கியமானது, எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பது. நான் பள்ளி ஆசிரியை. வகுப்பில் கைபேசியைப் பார்ப்பதில்லை. ஒருநாள் 11.20க்கு வந்த எச்சரிக்கையை நான் 12.10க்குத்தான் பார்த்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா அப்பாவைத் தூக்கி உட்காரவைத்திருந்தார். கருவி விற்றவர்களிடம் கேட்டதற்கு, செய்தி அனுப்புவதோடு தங்கள் வேலை முடிந்துவிட்டது என்றார்கள். அரசுத் திட்டத்தில் அந்தப் பதில் வரக் கூடாது. ஒவ்வொரு கருவியின் எச்சரிக்கையையும் பெற்று, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, தேவையானால் ஆளை அனுப்பும் பொறுப்பு ஒன்றியத்தில் ஒருவரிடம் பெயர் குறிப்பிட்டு ஒப்படைக்கப்பட வேண்டும். அந்தப் பொறுப்பு, ஏற்கெனவே ஊர் ஊராக நடக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரின் தலையில் கூடுதல் ஊதியமில்லாமல் ஏற்றப்படவும் கூடாது. கருவி வந்துவிட்டது என்பதற்காக இயன்முறை மருத்துவரின் வருகையைக் குறைக்கவும் வேண்டாம். வாசல் நிலையருகே வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் அப்பா நின்றுவிடுவதைக் கருவி பதிந்தது. ஆனால், அந்த இடத்தில் சாக்கட்டியால் அடிக்கொரு கோடு போட்டு, “கோட்டைத் தாண்டுங்க ஐயா” என்று அவரை நடக்கவைத்தவர் நேரில் வந்த மனிதர்தான்.

வீட்டில் கேமரா பொருத்தலாம் என்று தம்பி சொன்னபோது அப்பா, “நான் வேட்டி மாத்துறதையும் எவனாவது பாக்கணுமா?” என்று கேட்டார். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. உடலில் கட்டும் கருவியும், படம் எடுக்காமல் அசைவை மட்டும் அறியும் ரேடார் கருவியும் இருக்கும்போது கேமரா தேவையில்லை. 2023ஆம் ஆண்டின் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. ஆனால், ஒப்புதல் படிவம் தமிழில், பெரிய எழுத்தில், நோயாளிக்கே வாசித்துக் காட்டப்பட்டால்தான் அவ்வுரிமைக்குப் பொருள் உண்டு. பிள்ளைகள் கையெழுத்திட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். இத்தரவு காப்பீட்டு நிறுவனங்களுக்கோ கருவி விற்பவருக்கோ போகாது என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

முதலில் ஓர் ஒன்றியத்தில், நோயாளிகளையும் பராமரிப்போரையும் கூட உட்காரவைத்துத் தொடங்குங்கள். அப்பாவின் ஒப்புதலோடு அந்த இரண்டு வாரத் தாள்களைத் தருகிறேன். உங்கள் அலுவலர்கள் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால், நிலைப்படிக்கு முன்னால் இருக்கும் சாக்கட்டிக் கோடுகளையும், அவற்றை அவர் தாண்டுவதையும் நேரில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
நடுக்குவாத நோயாளி ஒருவரின் மகள்,
தஞ்சாவூர் மாவட்டம்.